பாண்டில் பெயர் பிழை, சான்றுக்கு ஆள் இல்லை: கலிஃபோர்னியாவில் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம் பெற்ற அனுபவம்

சென்ற மாதம் எங்கள் நிறுவனத்துக்கு ‘பி’ வகைப் பொதுக் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம் கிடைத்தது. நிம்மதிதான், ஆனால் பழைய முதலாளி ஒருவரிடமும் பாண்ட் என்னும் பிணைப் பத்திரத்தை வாங்கித் தரும் முகவர் ஒருவரிடமும் பட்ட பாடு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. கலிஃபோர்னியாவில் பிறரிடம் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் தமிழர்கள் என்னை அழைத்தால், தேர்வு கடினமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தேர்வு நம் கையில் இருக்கிறது, படித்தால் தேறிவிடலாம். அடுத்தவர் கையெழுத்தும் அடுத்தவர் தட்டச்சும் தேவைப்படுகிற இரண்டு இடங்களில்தான் விண்ணப்பம் சிக்கிக்கொள்கிறது. அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

உரிமம் இல்லாமலே சிறு சிறு வேலைகளைச் செய்து காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூலியும் பொருளும் சேர்த்து 500 டாலருக்குக் குறைவான வேலைக்கு மட்டுமே 2024 இறுதிவரை விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 1,000 டாலர். அதுவும் அந்த வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக் கூடாது, ஆள் வைத்தும் செய்யக் கூடாது. ஒரு குளியலறையைப் புதுப்பிக்க எடுத்தாலே இந்த வரம்பைத் தாண்டிவிடும். வரம்பைத் தாண்டி உரிமமின்றி வேலை செய்தவர், பேசிய பணம் வரவில்லை என்று வழக்குத் தொடர முடியாது. அதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு: வேலை ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருந்தாலும், கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தரும்படி வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். இது கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத்தில் 7031ஆம் பிரிவு. நாங்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்ததற்கு இந்த ஒரு பிரிவே போதுமான காரணமாக இருந்தது.

விண்ணப்பத்தில் ஒருவரைத் தகுதியாளராக, அதாவது நிறுவனத்தின் சார்பில் அனுபவம் காட்டித் தேர்வு எழுதுபவராக, காட்டவேண்டும். அவருக்குக் கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் இருக்கவேண்டும். உதவியாளாக இருந்த காலம் கணக்கில் வராது. யாருடைய மேற்பார்வையும் இன்றி வேலையைச் செய்யத் தெரிந்த தொழிலாளியாகவோ, ஃபோர்மேனாகவோ, மேற்பார்வையாளராகவோ, ஒப்பந்ததாரராகவோ இருந்த காலம்தான் கணக்கு. எங்கள் நிறுவனத்தில் நானும் என் மைத்துனரும் பங்குதாரர்கள், தகுதியாளர் நான். வீடுகளைப் புதுப்பிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் தச்சு வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஃபோர்மேனாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதை நானே சொன்னால் செல்லாது. நான் வேலை செய்ததை நேரில் அறிந்த ஒருவர், பொய் சொன்னால் பொய்ச்சாட்சிக் குற்றமாகும் என்ற உறுதிமொழியின் கீழ் அனுபவச் சான்றுப் படிவத்தில் கையெழுத்திடவேண்டும்.

இயல்பாகவே பழைய முதலாளியைக் கேட்டேன். “அனுப்பி வை, பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன்” என்றார். அதன்பின் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போனால், அவர் வெளியே போயிருக்கிறார் என்ற பதிலே கிடைத்தது. படிவம் மேசை மேல்தான் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். கடைசியில் அவரை நேரில் பிடித்தபோது, அரசாங்கத் தாள் எதிலும் தன் பெயர் வருவதை விரும்பவில்லை என்று கூறிவிட்டார். நான் தனித் தொழில் தொடங்கினால் அவருடைய வாடிக்கையாளர்களை இழுத்துக்கொள்வேன் என்ற எண்ணமே காரணம் என்று பின்னர் அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இத்தனை ஆண்டு உழைப்பை இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆம் என்று எழுதித் தரவும் மனம் வரவில்லை. ஒருவருடைய வாழ்க்கையின் அடுத்த படி ஒரு கையெழுத்தில் நிற்கும்போது அதை இப்படி இழுத்தடிப்பது நியாயமே இல்லை.

இந்த நிலையில் பலர் விண்ணப்பத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடவேண்டாம். முதலாளிதான் சான்றளிக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. உடன் வேலை செய்த தேர்ந்த தொழிலாளி, வேறொரு ஒப்பந்ததாரர், தொழிற்சங்கப் பிரதிநிதி, கட்டட ஆய்வாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர் என யாராக இருந்தாலும், நம் வேலையை நேரில் பார்த்தவராக இருந்தால் போதும். எனக்கு, ஒரே தளங்களில் பல ஆண்டு உடன் நின்ற ஒரு மின்பணி ஒப்பந்ததாரரும், எங்கள் வேலைகளுக்கு வரைபடம் போட்டுத் தந்து தளத்துக்கும் வந்து பார்த்த ஒரு கட்டடக் கலைஞரும் கையெழுத்திட்டுத் தந்தார்கள். அந்த மின்பணிக்காரர் படிவத்தை முழுவதும் படித்து, தேதி ஒன்றில் ஐயம் கேட்டு, சரிபார்த்த பிறகே ஒப்பமிட்டார். அப்படிப்பட்டவரையே தேடுங்கள். விண்ணப்பங்களில் குறைந்தது நூற்றுக்கு மூன்றையாவது எடுத்து அனுபவத்தைத் துருவி விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். விசாரணை வந்தால் சான்றளித்தவரும் பதில் சொல்லவேண்டியிருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டவர் அப்போது தடுமாறுவார்.

விசாரணை வந்தாலும் வராவிட்டாலும் சான்றுகளை முன்னரே திரட்டி வைப்பது நல்லது. ஆண்டுதோறும் வரும் டபிள்யூ-2 படிவம் நான் அங்கு சம்பளம் வாங்கியதைக் காட்டும். என்ன வேலை செய்தேன் என்பதைக் காட்டாது. அதற்காக, நான் ஃபோர்மேனாக இருந்த வீடுகளின் கட்டட அனுமதி நகல்களைக் கேட்டு நகராட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அனுமதி எண் இல்லாமல் எதையும் தேட முடியாது என்று சாளரத்தில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். மறுமுறை வேறொருவர் இருந்தார். வீட்டு முகவரியைத் தட்டியதுமே எல்லா அனுமதிகளும் திரையில் வந்துவிட்டன. ஆகவே ஒரு சாளரத்தில் இல்லை என்றால் அதோடு திரும்பிவிடாமல், முகவரியைக் கொண்டு தேட முடியுமா என்று தெளிவாகக் கேளுங்கள்.

‘பி’ வகைக்கு விண்ணப்பிப்போர் கவனிக்கவேண்டிய மற்றொன்று: மரச்சட்ட வேலை அல்லது தச்சு வேலையை மட்டும் எழுதினால் போதாது. அதோடு தொடர்பில்லாத குறைந்தது இரண்டு தொழில்களையும் காட்டவேண்டும். குழாய்ப் பணி, ஓடு பதித்தல், சுவர்ப்பலகை, மின்பணி என்று உண்மையிலேயே செய்ததைத் தொழில்வாரியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘வீடுகளைப் புதுப்பித்தேன்’ என்று ஒரே வரியில் முடித்த விண்ணப்பங்கள் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்ததை அறிவேன். பொறியியல் பட்டம் வைத்திருப்பவர்கள், அது தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையதானால், 3 ஆண்டுவரை அனுபவமாகக் கணக்கிடக் கேட்கலாம். ஆயினும் ஓர் ஆண்டேனும் களத்தில் வேலை செய்திருக்கவேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் 450 டாலர் கட்டியபின், சட்டமும் வணிகமும் பற்றிய தேர்வு, தொழில் தேர்வு இரண்டும் சிக்கலின்றி முடிந்தன. ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய தேர்வைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். லைவ் ஸ்கேன் என்ற மின்னணுக் கைரேகைப் பதிவுக்கு மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டியே போய்விடாதீர்கள்; விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு அதற்கான படிவம் வரும், அதைக் கொண்டுபோனால்தான் முடிவு சரியான இடத்துக்குச் சேரும்.

இனி பாண்ட். உரிமம் வழங்கப்படுவதற்கு முன் ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் 25,000 டாலருக்கு ஒரு பிணைப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டும். 2023 ஜனவரி 1க்கு முன்பு இது 15,000 டாலர். பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்தத் தொகையே இருக்கிறது, நம்பவேண்டாம். 25,000 டாலரையும் நாம் கட்டவேண்டியதில்லை. நம் கடன் வரலாற்றைப் பொறுத்து அதில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகப் பிணை நிறுவனம் வாங்கிக்கொள்கிறது.

பலர் இதைக் காப்பீடு என்று நினைக்கிறார்கள். இது நம்மைக் காப்பது அல்ல. நாம் வேலையைப் பாதியில் விட்டாலோ, ஒப்பந்ததாரர் உரிமச் சட்டத்தை மீறினாலோ, நட்டப்பட்ட வீட்டுக்காரருக்கும் கூலி கிடைக்காத தொழிலாளிக்கும் பணம் கிடைக்கவேண்டும் என்பதற்காக வைத்த பிணை இது. பிணை நிறுவனம் அவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, முழுத்தொகையையும் நம்மிடமே வசூலிக்கும். நாம் கொடுக்காவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும். ஊரில் ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் போட்டவர், கட்டிய பணத்தைப் பிறகு அவரிடமே கேட்டு வாங்குவதைப் போன்றதுதான். அதற்காக நாம் கையெழுத்திடும் ஈட்டுறுதி ஒப்பந்தத்தில், நிறுவனம் மட்டுமின்றி உரிமையாளர்களும் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கும் வாசகம் இருந்தது. என் மனைவியின் கையெழுத்தையும் கேட்டிருந்தார்கள். முகவர் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ‘இங்கே, இங்கே’ என்று மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்து அனுப்பியிருந்தார். ஒட்டுத்தாள்களுக்கு இடையில் உள்ள பத்திகளையும் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

விண்ணப்பம் அனுப்பிய உடனேயே பாண்ட் எடுத்துவிடும்படி அந்த முகவர் நச்சரித்தார். அடுத்த மாதம் கட்டணம் கூடிவிடும் என்றார். “மாமா, இவ்வளவு சொல்கிறாரே, இப்போதே எடுத்துவிடலாமே” என்று மைத்துனரும் தயங்கினார். நான் மறுத்துவிட்டேன். பாண்ட் நடைமுறைக்கு வரும் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் அது உரிமம் வழங்கும் மாநில வாரியத்தின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். தேர்வு எப்போது, மறுதேர்வு உண்டா என்று எதுவும் தெரியாத நிலையில் அந்தக் கடிகாரத்தை ஓடவிடுவது வீண் செலவு. தேர்ச்சிக்குப் பின் பாண்டும் தொடக்க உரிமக் கட்டணமும் கேட்டுக் கடிதம் வரும். அப்போது எடுத்தால் போதும். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். அடுத்த மாதம் கூடும் என்று அவர் சொன்ன கட்டணமும் கூடியிருக்கவில்லை.

ஆனால் பத்திரத்தில் எங்கள் பெயரையே அவர் மாற்றிவிட்டார். மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவான பெயரின் இறுதியில் ‘இன்க்.’ என்று இருக்கிறது. அவர் ‘கார்ப்பரேஷன்’ என்று தட்டச்சு செய்து அனுப்பினார். பதிவுப் பத்திரத்தின் நகலை நாங்கள் முன்கூட்டியே அவருக்குக் கொடுத்திருந்தோம். பாண்டில் உள்ள பெயர் வாரியத்தின் பதிவில் உள்ளபடி அப்படியே இருந்தாகவேண்டும். பத்திரம் திரும்பி வந்தது. முகவரிடம் சொன்னால், “இரண்டும் ஒன்றுதானே, மறுபடியும் அனுப்பிப் பாருங்கள்” என்றார். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும் என்பதை எடுத்துச் சொல்லியும் திருத்தித் தராமல் வாரக்கணக்கில் இழுத்தார். 90 நாள் கெடு நெருங்கியதும், புதிய பாண்டுக்குப் புதிதாகக் கட்டணம் கட்டச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் இரசீதில் இரண்டாவது பாண்ட் ஒன்றுக்கும் பணம் பிடித்திருந்தார். தகுதியாளருக்கென்று தனியாக 25,000 டாலர் பாண்ட் ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் தகுதியாளர் நிறுவனத்தின் அலுவலராக இருந்து, வாக்குரிமையுள்ள பங்குகளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தன்னிடம் இருப்பதாகச் சான்றளித்தால் அது தேவையில்லை. என்னிடம் பாதிப் பங்கு இருக்கிறது. விண்ணப்பத்திலேயே அதை எழுதியிருந்தோம். முகவரிடமும் சொல்லியிருந்தோம்.

முகவரோடு வாதாடுவதை நிறுத்திவிட்டு, பத்திரத்தின் அடியில் பெயருள்ள பிணை நிறுவனத்துக்கே எழுதினேன். பதிவுப் பத்திரம், முகவருக்கு முதலில் அனுப்பிய மின்னஞ்சல், பங்கு விவரம் மூன்றையும் இணைத்தேன். அங்கிருந்து ஒரு பெண்மணி அழைத்துப் பொறுமையாகக் கேட்டார். சரியான பெயரில் புதிய பாண்டைக் கூடுதல் கட்டணமின்றித் தயாரித்து, மின்னணு முறையில் வாரியத்துக்கே நேராகத் தாக்கல் செய்தார். இரண்டாவது பாண்டுக்குப் பிடித்த பணமும் திரும்பி வந்தது. முகவருக்கு அனுப்பும் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பியதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. பிணை நிறுவனத்துக்கு மாநிலக் காப்பீட்டுத் துறையின் அனுமதி இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுச் சான்று தாமதமின்றி வந்துவிட்டது. பெயரை நான் மூன்று இடங்களில் சரிபார்த்தபின்தான் அனுப்பச் சொன்னேன். கூரை, கான்கிரீட், குளிர்சாதனம் ஆகிய வகைகளுக்கு உரிமம் எடுப்போர், ஆளே வைக்காவிட்டாலும் இந்தக் காப்பீட்டை எடுத்தாகவேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும். எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) அமைப்பில் விண்ணப்பிப்போருக்குத் தொழிலாளர் நலனுக்கென 100,000 டாலர் பாண்ட் கூடுதலாக உண்டு. நாங்கள் அந்த அமைப்பைத் தவிர்த்ததற்கு அதுவே காரணம்.

உரிம எண் வந்ததும், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், வாரியத்தின் பொதுத் தேடலில் உங்கள் எண்ணை இட்டுப் பாருங்கள். பாண்ட் எண், பிணை நிறுவனத்தின் பெயர், நடைமுறைத் தேதி எல்லாம் அதில் தெரியும். உங்களுக்கு வேலை தரும் வீட்டு உரிமையாளரும் அதைத்தான் பார்ப்பார். பாண்டின் ஆண்டுக் கட்டணம் தவறினால் பிணை நிறுவனம் அதை ரத்து செய்யலாம், பாண்ட் இல்லாத உரிமம் இடைநிறுத்தப்படும். அந்த எச்சரிக்கைக் கடிதம் வாரியத்தின் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும் என்பதால், வீடோ அலுவலகமோ மாறினால் 90 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். நாங்கள் அலுவலகம் மாறப்போகிறோம்; அந்தப் படிவத்தை இன்று காலை அனுப்பிவிட்டோம்.