தண்ணி லாரியிலிருந்து பெட்ரோல் லாரிக்கு

2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றிக் கிடந்தபோது நான் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நடை அடிக்கிறோமோ அவ்வளவு காசு. வளைவில் மேல்மூடி வழியாகத் தளும்பி, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரைக் குளிப்பாட்டினாலும் கவலைப்பட மாட்டேன். அந்தத் தைரியத்தில்தான் பிறகு டேங்கர் வேலைக்குச் சேர்ந்தேன். "இதுவும் தண்ணி மாதிரிதானே, பெட்ரோல் தண்ணியைவிட லேசு வேற" என்று வீட்டில் பெருமையடித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

லைசென்ஸ் வேலை சீக்கிரம் முடிந்தது. மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், லைசென்ஸில் ஒரு பதிவு. டேங்கில் எழுதியிருக்கும் 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மைனஸ் 43 டிகிரி குளிரில்கூடப் பெட்ரோல் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும் என்று வாத்தியார் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினோம். சென்னைக்காரன் மைனஸை எங்கே பார்த்தான்?

பாடம் உறைத்தது தண்டையார்பேட்டையில், பெட்ரோல் ஏற்றும் டெர்மினலுக்கு வெளியே வரிசையில் காத்துக் கிடந்த நேரங்களில். என்னோடு அனுப்பிய சீனியர் டிரைவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாளே கேட்டார்: "தம்பி, லோடு வண்டிக்குப் பயப்படணுமா, காலி வண்டிக்கா?"

லோடு வண்டிக்கு என்றேன். சிரித்தார். "தண்ணி லாரி புத்தி இன்னும் போகல."

எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு ஓர் அளவில் கலந்திருந்தால்தான் பற்றும். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து ஏழரை பங்கு வரை. டேங்கர் உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும், அதைத்தான் சேம்பர் என்போம். நிறைந்திருக்கும் சேம்பரில் காற்றுக்கு இடமே குறைவு. இறக்கி முடித்த சேம்பரிலோ அடியில் கொஞ்சம் ஈரம், மேலே ஆவி, இறக்கும்போது உள்ளே புகுந்த காற்று. பெட்ரோல் இருந்த அதே சேம்பரில் அடுத்து டீசல் ஏற்றினால் இன்னும் சிக்கல். டீசல் பாய்ந்து விழும்போது நிலைமின்சாரம் சேரும். ஒரு சின்னப் பொறி போதும். இதையெல்லாம் வகுப்பிலும் சொன்னார்கள்தான். ஆனால் அண்ணன் சொன்ன விதம் வேறு: "காலியா திரும்புறப்பதான் தம்பி மனசு லேசாகும். அப்பதான் பீடி ஞாபகமும் வரும்."

அந்த நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த்திங் கிளிப் விஷயத்தில் அவர் ஒரு பைத்தியம். மற்ற எதற்கும் முன்னால் அதை மாட்ட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். நம்ம பக்கத்து உப்புக்காற்றில் கிளிப்பின் பல்லில் துரு ஏறிவிடும். அதைத் துணியால் தேய்த்து, பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பில் கடிக்க வைத்து, ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நானும் அதே பைத்தியமாகிவிட்டேன்.

ஓட்டுவதில் தண்ணி லாரி எனக்குக் கொஞ்சம் உதவியது, நிறையக் கெடுத்தது. வெயிலில் சரக்கு விரியும் என்பதால் சேம்பரை விளிம்பு வரை நிரப்புவதில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் ஒன்றிரண்டு சேம்பரை இறக்கிவிட்டு அடுத்த பங்குக்குப் போகும்போது எடை ஒரு பக்கமாக நிற்கும். பிரேக் பிடித்து வண்டி நின்றபின், உள்ளே இருப்பது ஒரு நொடி கழித்து வந்து முதுகில் முட்டும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அந்த ஒரு நொடியைக் கணக்கில் வைத்து ஓட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. இடைவெளி விட்டால் பைக்கில் வருகிறவன் உள்ளே நுழைவான். நுழையட்டும், திரும்பவும் இடைவெளி விடு என்பார் அண்ணன்.

நான் சறுக்கியது ரோட்டில் அல்ல, ஒரு பங்கில். விடிகாலை, சீக்கிரம் இறக்கி முடிக்கிற பதற்றத்தில் மேனேஜர். "டேங்க்ல இடம் இருக்கு, நீ இறக்குப்பா" என்றார். அவர் பேச்சை நம்பி ஹோஸை மாட்டிவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் டிப் ராடை எடுத்து என் கையில் கொடுத்தார். பங்க் டேங்கில் இருந்த இடம் சுமார் 3,200 லிட்டர். என் சேம்பரில் இருந்தது 4,000. வால்வைத் திறந்திருந்தால் மிச்சம் 800 லிட்டர் எங்கே போயிருக்கும்? வண்டியைச் சுற்றி ஆட்டோக்கள் நின்றிருந்தன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். அன்று விற்று, போதுமான இடம் வரும்வரை காத்திருந்தோம். மேனேஜர் யார் யாருக்கோ போன் போட்டுப் புகார் சொன்னார். எனக்குக் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு ஆதங்கமும் உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரம் லிட்டரில் ஏறக்குறைய ஒரு லிட்டர் விரியும், சுருங்கும். மே மாத மத்தியானம் 12,000 லிட்டர் ஏற்றி, நள்ளிரவில் இறக்கப் போனால் டிப் ராடில் அளவு இறங்கித்தான் காட்டும். அன்றைய சூட்டில் அளந்த அடர்த்தியை 15 டிகிரி கணக்குக்கு மாற்றி இன்வாய்ஸோடு ஒத்துப் பார்த்து, சீல் உடையாததைக் காட்டினாலும், சிலர் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். தண்ணி லாரியில் குறைந்தால் ஒழுகல் என்பார்கள். இங்கே டிரைவர் திருடன்.

அண்ணன் இப்போது வேலையில் இல்லை. போன வாரம் மணலி ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி பறந்துகொண்டிருந்தது. சிக்னலில் அவன் பிரேக் போட்டதும் மேல்மூடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தளும்பி என் கண்ணாடியில் அடித்தது. வைப்பரைப் போட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் அவனை முன்னால் போக விட்டேன்.