விறாந்தையில் தேன்சிட்டுக் கூடு

பெப்ரவரி 4
இலங்கையில் தேன்சிட்டு மூன்றே வகை: ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, நீள அலகுத் தேன்சிட்டு. முருங்கைப் பூவில் சோடியாகத் திரிவது முதலாவது. ஆணுக்கு மஞ்சள் வயிறு, அதற்கு மேலே அரக்குச் சிவப்புப் பட்டை. உச்சந்தலைப் பச்சையும் தொண்டை ஊதாவும் வெயில் சரியாக விழுந்தால்தான் மின்னும்; நிழலில் வெறும் கறுப்பு. பெண்களைப் பிரித்தறியத் தொண்டையைப் பாருங்கள். இதற்கு வெளிறிய சாம்பல், மற்ற இரண்டுக்கும் மஞ்சள்.

மஞ்சள் வயிற்றின் நடுவே கறுங்கோடு ஓடினால், அது கூடுகட்டும் காலம் முடிந்து நிறம் மாறிய ஊதாத் தேன்சிட்டு ஆண். ஊதாப்பிட்டத்து ஆண் அப்படி நிறம் மாறுவதில்லை.

பெப்ரவரி 7
செவ்வரத்தையில் இது சுத்தக் கள்ளன். காம்பில் உட்கார்ந்து, பூவின் அடியில் பக்கவாட்டாக அலகால் குத்தித் தேனை உறிஞ்சுகிறது. மகரந்தம் உடம்பில் படுவதே இல்லை.

பெப்ரவரி 10
விறாந்தையில் தொங்கும் பழைய வயர் நுனியில் பெண் கட்டத் தொடங்கிவிட்டது. முதலில் ஒட்டடையை மட்டும் வயரில் சுற்றிச் சுற்றி ஒட்டுகிறது, பிறகுதான் நார். முழுப் பாரத்தையும் தாங்கப்போவது அந்த ஒட்டடைதான். இந்த நாட்களில் விளக்குமாற்றோடு கூரையைச் சுத்தம் செய்தால் கட்டுமானப் பொருளே போய்விடும்.

பெப்ரவரி 15
பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். உள்ளே பஞ்சு. வெளியே மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம், காய்ந்த சருகு. தூரத்திலிருந்து பார்த்தால் வலையில் சிக்கிய குப்பைதான். காகத்தை ஏமாற்ற அது போதும்.

பெப்ரவரி 19
இரண்டு முட்டை. அடைகாக்க ஏறக்குறைய 15 நாள். வயர் இடைஞ்சல் என்று கூட்டை வேறிடத்தில் கட்டித் தொங்கவிடாதீர்கள், பெரும்பாலும் கைவிட்டுவிடும். விரலை உள்ளே விடுவதும் வேண்டாம். வாசலில் அலகு நீட்டிக்கொண்டிருந்தால் தாய் உள்ளேதான்.

மார்ச் 6
குஞ்சு பொரித்தாயிற்று. இனித் தேனை விடச் சிலந்தியும் சிறு பூச்சியும்தான் முக்கியம்: வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும், பூந்தேனில் அது இல்லாத குறைதான். ஆணும் இரை கொண்டுவருகிறது. பக்கத்துச் செடிக்கு இப்போது பூச்சிமருந்து அடித்தால் நஞ்சேறிய இரை குஞ்சின் வாய்க்குத்தான் போகும்.

மார்ச் 10
சீனித்தண்ணீர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைப்பதானால் 1 பங்கு வெள்ளைச் சீனிக்கு 4 பங்கு தண்ணீர். சாயமும் தேனும் சேர்க்கக் கூடாது. தேன் கலந்தால் பூஞ்சை பிடிக்கும். இந்த வெக்கைக்குத் தினமும் மாற்றி, பாத்திரத்தையும் கழுவ வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஒரு செவ்வரத்தைக் கொப்பு நட்டுவிடலாம்.

மார்ச் 22
இரண்டும் கூட்டை விட்டுப் பறந்தன. வாலும் அலகும் இன்னும் கட்டை. சில நாளைக்குப் பெற்றோர் ஊட்டும். தரையில் கண்டால் பூனைக்கு எட்டாத கொப்பில் வைத்துவிட்டு விலகுங்கள். வெறுங்கூட்டை அறுக்க வேண்டாம், மறுபடி பயன்படுத்தினாலும் படுத்தும்.