கட்டிங்கா, குவார்ட்டரா?

"தாத்தா, குடிப்பீங்களா?"
"அய்யய்யோ, இல்ல கண்ணு." பக்கத்திலேயே மருமகள்.

தருமபுரியில் சுகர் மாத்திரை வரிசையில் இன்று காதில் விழுந்தது. நர்ஸம்மா விடவில்லை. மருமகளைச் சீட்டு பதிய அனுப்பிவிட்டு, "கடைசியா எப்போ? கட்டிங்கா, குவார்ட்டரா?"

"நேத்து ஒரு கட்டிங்..."

இப்படித்தான் கேட்கணும். தனியாக, அளவைச் சொல்லி.

கட்டிங் 90 மில்லி. அதில் ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 30 கிராம். வயதான உடம்பில் நீர்ச்சத்து குறைவு, அதே அளவு கூடுதலாக ஏறும். சில சுகர் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சட்டென இறங்கி ஆள் சாய்வார். பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள்!

"இன்னைக்கே நிறுத்துங்க" என்று மிரட்டுவதும் ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டர் கண்காணிப்பில் குறைக்கணும். தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள். குடியை விட இலவச உதவி எண் 14446.