ரைஸ் குக்கரும் ஆறு மாதப் பூட்டும்

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஒரு வாரத்து டவலையும் பெட்ஷீட்டையும் இரண்டு மூட்டையாகக் கட்டி, காசு போட்டுத் துவைக்கும் லாண்டிரிக்குக் கொண்டுபோவேன். எண்ணெய் ஊறிய டவலை வீட்டு மெஷினில் போட்டால் நாலே மாதத்தில் மெஷின் நாறிவிடும். பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே, லைசென்ஸ் வாங்கி மசாஜ் தெரபி செய்கிறேன். நானும் இன்னொரு பெண்ணும், இரண்டு அறை. ஊரில் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் வாய் வரவில்லை. நாகர்கோவிலில் இருந்து அம்மா போனில், "மக்ளே, அவ்வளவு தூரம் போயி எண்ணெ தேய்க்கவா?" என்று மட்டும் கேட்டாள். எண்ணெய் தேய்ப்பது அவளுக்குக் கேவலம் இல்லை. என் பிரசவத்தின்போது தேய்த்துக் குளிப்பாட்ட வந்த அக்காவுக்கு அவள் கொடுத்த மரியாதை எனக்குத் தெரியும். 'மசாஜ்' என்ற சொல்தான் பிரச்சினை. நம் பத்திரிகைகளில் அந்தச் சொல் வந்தாலே அடுத்த வரியில் 'அழகிகள் மீட்பு' வந்துவிடும். மீட்கப்பட்டவர்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்று மறுநாள் செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

இங்கே லைசென்ஸ் சும்மா கிடைக்காது. 500 மணி நேரப் படிப்பு. அதில் ஸ்வீடிஷ் மசாஜ் மட்டும் 125 மணி நேரம், மேற்பார்வையில் பயிற்சி 50 மணி நேரம். அப்புறம் தேர்வு, கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. 2017 வரை சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்த இதை இப்போது மாநில லைசென்ஸ் துறை பார்க்கிறது. முடி வெட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், வண்டியை இழுத்துக்கொண்டு போகும் டோ டிரக் எல்லாருக்கும் அதே துறைதான். ஆள்கடத்தலை, அதாவது ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ வேலையிலும் பாலியல் தொழிலிலும் தள்ளுவதை, தடுக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க ஆள்கடத்தல் பற்றிய பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். உதவி எண் போட்ட அறிவிப்பைக் கடையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்ட வேண்டும். மாட்டியிருக்கிறேன்.

சரி, லாண்டிரிக்கு வருகிறேன். அங்கே செவ்வாய்தோறும் ஒரு சீனப் பெண் வருவாள். ஐம்பது வயது இருக்கும். என்னைவிட இரண்டு மடங்கு டவல். அதனால்தான் முதலில் கவனித்தேன். இத்தனை டவலுக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று மனசு கணக்குப் போட்டது. எங்கள் கடையிலிருந்து இரண்டு சிக்னல் தாண்டி, ஜன்னலில் பாத வடிவ நியான் விளக்கு எரியும் கடை அவளுடையது, அதாவது அவள் வேலை செய்யும் கடை. நான் ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதில் பாதிதான் அங்கே. வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மடிக்கும் மேசையில் எதிரெதிரே நின்றபோது அவள் கையைப் பார்த்தேன். கட்டைவிரலின் அடி மூட்டு சின்ன வெங்காயம் மாதிரி வீங்கியிருந்தது. எங்கள் பள்ளியில் முதல் வாரமே அடித்துச் சொல்வார்கள்: விரலால் அழுத்தாதே, முன்கையால் அழுத்து, பாரத்தை இடுப்பிலிருந்து கொண்டுவா. இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லைசென்ஸ் இல்லை என்பது அந்த மூட்டிலேயே தெரிந்துவிட்டது. ஈர டவல்களைக் குவித்து, அதை முதுகாக வைத்து, முன்கையை எப்படி இறக்குவது என்று காட்டினேன். சிரித்தாள். செய்து பார்த்தாள். அடுத்த வாரம் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தாள்.

போனில் மொழிபெயர்ப்பு ஆப் வைத்துப் பேசுவோம். ஒரே மகன், கல்லூரியில் படிக்கிறான். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். "கடையில் தூங்குகிறேன். சமையலும் அங்கே" என்று ஆப் சொன்னது. வாடகை மிச்சம், கெட்டிக்காரி என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூன்று குடும்பம் ஒரே அபார்ட்மெண்டில், ஒரே ரைஸ் குக்கரில் சோறு வைத்தோம். வெளியே காரில் ஒரு ஆள் இறங்காமல் காத்திருப்பான். புருஷன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் ஆள்கடத்தல் பாடத்தை ஆன்லைனில் முடித்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்? வேலை செய்யும் இடத்திலேயே தங்குவது. கூடவே ஒருவர் வந்து காத்திருப்பது. பாஸ்போர்ட், பணம் இன்னொருவர் கையில் இருப்பது. எல்லாவற்றுக்கும் சரியான விடை குறித்தேன். சான்றிதழும் வந்தது. லாண்டிரியில் பார்க்கும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

2023 செப்டம்பர் 1 முதல் இங்கே ஒரு புதுச் சட்டம். மசாஜ் கடையில் ஆள்கடத்தல் நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், துறையின் நிர்வாக இயக்குநரே அவசர ஆணை போட்டுக் கடையை ஆறு மாதம் மூடலாம். அடுத்த வசந்தத்தில் அந்த நியான் பாதம் அணைந்திருந்தது. கதவில் ஆணை ஒட்டியிருந்தது. கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். வரவேற்பு மேசைக்குக் கீழே ரப்பர் செருப்புகள், ஆறு ஜோடி. அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும்.

ஆள்கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் போலாரிஸ் என்ற அமைப்பு 2018 இல் வெளியிட்ட அறிக்கையில், மசாஜ் என்ற பெயரில் பாலியல் தொழில் நடக்கும் கடைகள் நாடு முழுக்க 9,000க்கு மேல் என்று கணக்கிட்டிருந்தது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்தும் தென் கொரியாவிலிருந்தும் வந்த நடுவயதுப் பெண்கள், பலர் தாய்மார்கள். சங்கிலி போட்டு யாரும் கட்டி வைப்பதில்லை. பயணக் கடன், பயம், தெரியாத மொழி, இவை போதும். பின்னால் படித்தேன்.

லைசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைப் பூட்டும் அதிகாரமும் வேண்டியதுதான்; முதலாளி பெயரை மாற்றிக்கொண்டு மறுவாரமே திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லைசென்ஸ் சட்டம் முதலில் பிடிப்பது லைசென்ஸ் இல்லாத கையை. அது அவள் கை. நியூயார்க் மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் மசாஜ் செய்வது பெருங்குற்றம். அதில் கைதானவர்களில் இப்படிப்பட்ட பெண்களே அதிகம் என்று பலர் கத்திய பிறகு, 2021 ஏப்ரலில் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் இனி அந்த வழக்குகளை நடத்த மாட்டோம் என்று நிறுத்தியது. ஃபுளோரிடாவில் 2019 இல் ஒரு ஸ்பாவுக்குள் போலீஸ் ரகசியக் கேமரா வைத்தது. ஆள்கடத்தல் என்று பெரிதாக அறிவித்தார்கள். கடைசியில் ஆள்கடத்தல் வழக்கே வரவில்லை. படம் பிடித்தது செல்லாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நம் ஊரிலும் இந்தக் கேமரா யோசனை வந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்க உத்தரவிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி அது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்றார். தம்பி இரண்டு செய்தியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உனக்கு எது வசதிக்கா?" என்று கேட்டான், நக்கலாக. துணியைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பவருக்கு மேலே கேமராவா? எனக்கு மதுரைதான் சரி.

போன மாதம் எங்கள் கடைக்கு லைசென்ஸ் துறை இன்ஸ்பெக்டர் வந்தார். லைசென்ஸ், அதில் போட்டோ, வாடிக்கையாளர் பதிவேடு, சுவரில் அறிவிப்பு, எல்லாம் பார்த்தார். நல்ல மனிதர். இருபது நிமிடம். போகும்போது, மூடிய கடைகளில் இருந்த பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவர்களுக்கு உதவி எண் கொடுப்போம் என்றார். அதற்குமேல் அவர் வேலை இல்லை.

அன்றைக்கு ராத்திரி அந்த எண் போட்ட சீன மொழிப் பிரதி ஒன்றை அச்செடுத்தேன். 1-888-373-7888. லாண்டிரியில் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே ஒட்டினேன். காரில் காத்திருக்கிறவன் அங்கே வர முடியாது. இரண்டு வாரத்தில் யாரோ கிழித்திருந்தார்கள். இப்போது டேப்பும் நாலைந்து பிரதியும் டவல் மூட்டையோடு சேர்த்துக் கொண்டுபோகிறேன்.