கேப்பர் மலையும் மற்ற மலைகளும்

கடலூர் முதுநகரில் பிறந்தவனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, சென்ட்ரல் ஜெயில். கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் சைக்கிளை விட்டு இறங்காமலே ஏறிவிடலாம். அதை விட்டால் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டு அது என்று ஆயா சொல்லும். 74 படி. அங்கே கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே ஏறி, ஹயக்ரீவரைக் கும்பிட்டுவிட்டு ஓடி வந்தால் பந்தியில் இடம் பிடிக்க நேரம் சரியாக இருக்கும். ஒன்பது வயது வரை மலை விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

1992 மே மாதம் சித்தப்பா பழைய மெட்டடார் வேன் ஒன்று வாங்கினார். வாடகைக்கு விடுவதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு சவாரி, ஏற்காடு என்று முடிவானது. பதினோரு பேர், ஒரு தூக்குப் புளிசாதம், பின்சீட்டுக்கு அடியில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழம். சேலம் வரைக்கும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம்.

குறிஞ்சிப்பாடியும் வடலூரும் இருட்டிலேயே போய்விட்டன. நெய்வேலி தாண்டி மந்தாரக்குப்பம் பக்கம் லேசாக வெளுத்தபோது, வானத்தை மறைத்துக்கொண்டு நீளமாக ஒன்று தெரிந்தது. "மலை! மலை!" என்று கத்தினேன். அப்பா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அது சுரங்கத்துல தோண்டிக் கொட்டுன மண்ணுடா. கரி அடியில இருக்கு, மேல இருக்கற மண்ண எங்கயாவது கொட்டித்தான ஆவணும்?" வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

விருத்தாசலத்தில் டீக்கு நிறுத்தினோம். அப்பாவுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்திருந்தது. "இந்த ஊர் பேருக்கே பழைய மலைன்னுதான் அர்த்தம். திருமுதுகுன்றம். உலகத்துல இருக்கற மலைக்கெல்லாம் முன்னாடி இங்கதான் மலை வந்துச்சாம்." டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். பழமலைநாதர் கோயில் கோபுரம் தெரிந்தது. மலை இல்லை. "எங்கப்பா?" என்றால், சாமியேதான் மலையாம். ஒரே காலையில் இரண்டாவது ஏமாற்றம். வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

எழுப்பியது ஆயாவின் குரல். வேப்பூர் தாண்டி ரொம்ப நேரம் ஆகியிருந்தது, சின்னசேலத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். "டேய், மழ கட்டிக்கிட்டு நிக்குதுடா. மாடில மொளகா காயப் போட்டுட்டு வந்தனே, எதிர்வீட்டுக்காரி எடுப்பாளோ மாட்டாளோ!"

எதிரே, வலது கைப் பக்கமாக, வானத்தின் அடியில் நீலமாக ஒரு பட்டை. எனக்கு நீலக் கோடு என்றால் கிழக்கில், தேவனாம்பட்டினம் கடற்கரையில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். இது மேற்கில் இருந்தது. கோணல்மாணலாக இருந்தது. வண்டி போகப் போக மேகமாக இருந்தால் கலைந்திருக்க வேண்டும். இது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, முன்னால் இருந்தது பச்சையாகவும் பின்னால் இருந்தது இன்னும் நீலமாகவும் ஆனது. முன்பு பட்ட அடியில் நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாதான் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை நீட்டி, "கல்வராயன்" என்றார்.

அது எங்கள் மாவட்டத்து மலைதான். அப்போது தென்னாற்காடு மாவட்டம் பிரிபடவில்லை, அடுத்த வருஷம்தான் இரண்டாகப் பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் கடலூரில், கல்வராயன் மலை இங்கே. இப்போது அது கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்து மனு கொடுக்க வந்தவர்களில் எத்தனை பேர் வந்த இடத்தில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தார்களோ!

ஆத்தூர் தாண்டியதும் இடது பக்கமும் மலை வந்துவிட்டது. எந்த ஜன்னலுக்குச் சண்டை போடுவது என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியவில்லை.

ஏற்காடு ஏறியதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு. பலாப்பழ வாசனையும் டீசல் வாசனையும் கலந்து நான்காவது வளைவில் அக்கா, ஆறாவதில் நான். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தோம், பிரயோஜனமில்லை. பதினான்காவதில் ரேடியேட்டர் கொதித்து வண்டியே நின்றுவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தபோது ஓரக் கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். நாங்கள் வந்த சாலை அவிழ்த்துப் போட்ட அரைஞாண் கயிறு மாதிரி கிடந்தது. காது அடைத்திருந்ததால் அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. முதுகில் அடி விழுந்ததும் காது திறந்துகொண்டது.

மேலே போய்ப் பார்த்தால் தோட்டத்துக்குத் தோட்டம் பலாமரம். அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்குகிறது. 200 கிலோமீட்டர் சுமந்து வந்த பண்ருட்டிப் பலாவை சித்தப்பா பேசாமல் சீட்டுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தோம், ஏரியில் படகு விட்டோம், குளிரில் சித்திகள் எல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஆயா மட்டும் இடையிடையே மிளகாயை நினைத்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தது மழை இல்லை, மலைதான் என்று தெரிந்த பிறகும்.

மறுநாள் ராத்திரி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெருவெல்லாம் சேறு. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை வெளுத்து வாங்கியதாம். மொட்டைமாடியில் மூன்று படி மிளகாயும் ஊறிக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா?" என்றது ஆயா.