அப்பாவுக்கு வந்த பி.எம். கிசான், அம்மா பெயருக்கு மாறிய கதை

விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் பி.எம். கிசான் பணம் நின்றுபோன வீடுகள் எங்கள் சேரன்மகாதேவி பக்கம் நிறைய உண்டு. அப்பா காலமானபிறகு எங்களுக்கும் நின்றது. புருஷன் போனபின் தனியாக வயல் பார்க்கிற பொம்பளைகள் பலர் "அவருக்கு வந்தது, அவரோட போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. பிசான நெல் நடவு நேரத்தில் ஒரு தவணை கைக்கு வந்தால் கூலியில் ஒரு பங்காவது வட்டிக்கு வாங்காமல் கழியும்.

1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் இந்தப் பணம். அதற்குப் பிறகு கிரயம் முடித்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் உரியவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இந்தத் தேதி தடை இல்லை. இது தெரியாததால்தான் பலர் மனுவே கொடுப்பதில்லை.

முதலில் இறப்புச் சான்றிதழை வைத்து வேளாண்மை அலுவலகத்தில் அப்பாவின் பதிவை நிறுத்த எழுதிக் கொடுத்தோம். இறந்தபிறகு தவணை ஏதும் ஏறியிருந்தால் திருப்பிக் கட்டணும், அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

அதிக நாள் இழுத்தது பட்டாதான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவு. வாரிசுச் சான்று வாங்கி, நானும் தங்கச்சியும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்தபிறகே அம்மா பெயரில் பட்டா வந்தது. சங்கரன்கோவிலில் இருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுப் போனாள் தங்கச்சி. கூடப் பிறந்தவர்கள் இப்படி ஒத்துழைக்காத வீடுகளில் அம்மாமார் பாடு இன்னும் கஷ்டம்.

புதுப் பதிவுக்குப் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்று எல்லாம் கொடுத்தோம். அடுத்தது இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆள் இவர்தான் என்று சரிபார்ப்பது. ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்த போன் நம்பர், அதனால் ஓடிபி வழி இல்லை. சேவை மையத்தில் அம்மா கைரேகை வைத்தால் பதியவில்லை. வயல் வேலை போக மீதி நேரமெல்லாம் பீடி சுற்றிய கை அது. விரல் நுனியில் ரேகையே மங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு விரலாக முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். சிவப்பு விளக்கே எரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து அம்மா கூசிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. மையத்தில் இருந்த தம்பிதான், "ஆச்சி, அங்ஙன வெளிச்சத்துல உக்காருங்க, முகத்தக் காட்டி முடிச்சிருவோம்" என்று பி.எம். கிசான் செயலியைத் திறந்தார். "இப்ப கண்ண மூடித் தொறங்க" என்றார். முடிந்துவிட்டது. 2023-லேயே வந்த வசதி இது. கைரேகை விழாத முதியவர்களைத் திருப்பி அனுப்பும் இடங்களில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பெயர் ஏறியும் பணம் வரவில்லை. பயனாளி நிலையைப் பார்த்தால் நில விவரம் சரி, இ-கேஒய்சி சரி, ஆதார் சீடிங் மட்டும் 'நோ'. வங்கியில் போய்க் கேட்டால் "ஆதார்லாம் எப்பவோ சேர்த்தாச்சே" என்றார்கள். கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, மானியம் விழுவதற்கு அந்தக் கணக்கை வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐ-யில் இணைப்பது வேறு, அதுதான் ஆதார் சீடிங். இரண்டாவதற்குத் தனியாகச் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். படிவத்தை வாங்கிக்கொண்டும் ஒன்றும் நடக்காததால், கடைசியில் தபால்காரர் மூலம் அஞ்சலக வங்கியில் கணக்குத் தொடங்கி அதில் இணைத்தோம். அடுத்த தவணை அங்கேதான் விழுந்தது. நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எதுவானாலும், ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்கே பணம் போகும். வரவில்லை என்று நினைத்து அலையும் முன் வீட்டில் இருக்கிற எல்லாப் புத்தகத்திலும் வரவு போட்டுப் பாருங்கள்.

பக்கத்து வயல் சித்திக்கும் இதே நிலைமைதான், சித்தப்பா பெயரில் இன்னும் பட்டா கிடக்கிறது. வாரிசுச் சான்றுக்கு அவர்களை இந்த வாரம் கூட்டிப் போகிறேன்.