எத்தனை, எவ்வளவு

"அப்பா, அரிசியை எண்ணலாம்தானே? அப்புறம் ஏன் 'மெனி ரைஸ்' தப்பு?"

நாலாம் வகுப்பு மகளின் ஆங்கில நோட்டில், அழித்து அழித்து அந்த ஒரு இடம் மட்டும் தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்தே தெரிந்தது. பாவமாக இருந்தது.

"கடைக்காரர் உன்னிடம் எப்படிக் கேட்பார்? அரிசி எத்தனை வேணும்னா?"

"இல்ல, எவ்வளவு வேணும்னு."

"முட்டை?"

"எத்தனை!"

சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனைக்கு மெனி, எவ்வளவுக்கு மச். முட்டை குறைந்தால் ஃபியூ, அரிசி குறைந்தால் லிட்டில். பாதி விதி பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. எந்தச் சொல்லுக்கு எது என்ற பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன் அதைக் கேட்டுப் பார்க்கலாமே.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்பதும் உண்மை. நாம் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மையில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷனும் அட்வைஸும் அரிசி மாதிரி. கடைசியில் 'எஸ்' சேராது. ஃபர்னிச்சரும் அப்படித்தான், நாற்காலியை எண்ண முடிந்தாலும்.

அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். "சர்க்கரை எவ்வளவு... ஏலக்காய் எத்தனை... அப்பா, கடுகு?"